நான் அழித்த நான்கு வரிகள்

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டிரைவர் வேலை என்று சொன்னதைக் கேட்டு, என் மாமா ஒருவர் நான் லாரி ஓட்டுகிறேன் என்றே பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தார். ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். லாரி ஓட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது சில நாள் தோன்றுகிறது. லாரி மோதினால் யார் ஓட்டினார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

நான் எழுதுவது வேறு டிரைவர். எங்கள் தொழிற்சாலையில் சின்ன இரும்புப் பெட்டி ஒன்று செய்கிறோம். அதன் ஒரு பக்கம் கேமராக்களை மாட்டலாம், மறுபக்கம் கணினியை. உள்ளே ஒரு நெட்வொர்க் சிப். கேமரா அனுப்பும் படங்கள் பொட்டலம் பொட்டலமாக வந்து சேரும். அவற்றை இறக்கி வைக்க நினைவகத்தில் இடம் ஒதுக்கி, இங்கே வை, இவ்வளவுதான் இடம் என்று சிப்பிடம் சொல்லும் மென்பொருள்தான் டிரைவர். அந்த இடத்தை பஃபர் என்போம். சிப்புக்குக் கண் கிடையாது. நாம் சொன்ன அளவை நம்பி எழுதிக்கொண்டே போகும். பஃபருக்கு அடுத்த இடத்தில் வேறு யாருடைய தகவல் இருந்தாலும் அதற்குத் தெரியாது.

இந்தச் சிப்பில் பஃபரின் அளவைக் குறிக்க, பூஜ்யமும் ஒன்றும் மட்டும் கொண்ட பதினோரு இலக்கங்களுக்குத்தான் இடம். அதில் எழுத முடிந்த ஆகப் பெரிய எண் 2047. அதைத் தாண்டினால், பழைய காரின் கிலோமீட்டர் எண் ஒரு சுற்று முடிந்து பூஜ்யத்துக்கு வருவதுபோல, மேல் இலக்கங்கள் விழுந்துவிடும். 4096 என்று கொடுத்தால் சிப் பூஜ்யம் என்று படிக்கும். பூஜ்யம் என்றால் இடமே இல்லை என்றுதானே யாரும் எடுத்துக்கொள்வோம்? இந்தச் சிப்பைச் செய்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. அதற்குப் பூஜ்யம் என்றால் வரம்பே இல்லை என்று பொருள். கையேட்டில் ஓர் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் அதைப் போட்டிருந்தார்கள். 

அதைப் படித்த அன்றே நான்கு வரிகள் எழுதினேன். யாராவது 2047க்கு மேல் அளவு கேட்டால் டிரைவர் மறுத்துவிடும், ஏன் மறுத்தது என்று திரையில் ஒரு செய்தியும் போடும். நான் எழுதியதில் உருப்படியானது எது என்று யாராவது கேட்டால் அந்த நான்கு வரியைத்தான் காட்டுவேன். கேட்கத்தான் ஆளில்லை.

எங்கள் மேலாளர் என்னோடு கல்லூரியில் ஒன்றாகப் படித்தவன். அப்போது என் குறிப்புகளைப் பார்த்துத்தான் பரீட்சை எழுதுவான். இப்போது அவன் கையெழுத்துப் போட்டால்தான் எனக்கு விடுப்பு. வெள்ளிக்கிழமைகளில் மதிய இடைவேளை நீளமாக இருப்பதால், அவன் காரில் சூலியா தெருவுக்கு நாசி கண்டார் சாப்பிடப் போவோம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, தட்டில் குழம்பை ஊற்றச் சொல்லிவிட்டு அவன் ஆரம்பித்தான்.

"மச்சான், பெட்டியில ஒரு எரர் மெசேஜ் வருதுல்ல, அதை எடுத்துடு."

"அது எரர் இல்லடா. வரம்பு. சிப்பால அதுக்கு மேல முடியாது."

"பட்டர்வொர்த் கஸ்டமர் கேமரா நாலாயிரம் சைஸ்ல அனுப்புது. மத்த கம்பெனி பெட்டியெல்லாம் வாங்கிக்குது. நம்ம பெட்டி மட்டும் தாக் போலே, முடியாதுன்னு சொன்னா நல்லாவா இருக்கு?"

பட்டர்வொர்த் பக்கம் கண்டெய்னர்களை அடுக்கி வைக்கும் ஒரு பெரிய யார்டு எங்கள் பெட்டிகளை வாங்குவதாக இருந்தது. வாசலில் நுழையும் லாரியின் கண்டெய்னர் எண்ணைக் கேமரா படிக்கும். எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்று பலகையில் காட்டும். இடையில் எங்கள் பெட்டி.

"ஆறு வாரம் குடு," என்றேன். "பெரிய பொட்டலத்தை நாலஞ்சு சின்ன பஃபர்ல துண்டு துண்டா வாங்குற மாதிரி எழுதித் தரேன். சிப்புல அதுக்கு வழி இருக்கு."

"ஆறு வாரமா? டெமோ செவ்வாய்க்கிழமை லா."

"அப்ப சின்ன சைஸ்ல அனுப்பச் சொல்லு."

அவன் சாப்பிடுவதை நிறுத்தினான். "நீ எப்பவுமே முடியாதுன்னுதான் சொல்லுவே. மேல உள்ளவங்க என்கிட்ட என்ன கேக்குறாங்க தெரியுமா? ஒன் ஆளு எதுக்கு இருக்கான்னு கேக்குறாங்க."

அன்று மாலை நான்கு வரிகளையும் அழித்தேன். அவன் என் கையைப் பிடித்து அழிக்க வைக்கவில்லை. மின்னஞ்சலில் எழுதிக் கொடு, பிறகு செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. மாற்றத்தைப் பதிவு செய்யும்போது என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். ‘பெரிய பொட்டலங்களுக்கு ஆதரவு சேர்க்கப்பட்டது’ என்று எழுதினேன். எடுத்ததை, சேர்த்தது என்று எழுதினேன்.

பெட்டி வேலை செய்தது. அதுதான் கொடுமை. பஃபர் 4096, வரும் பொட்டலம் நாலாயிரம், எல்லாம் உள்ளே அடங்கிவிட்டது. சிப்புக்கு வரம்பு பூஜ்யம், அதாவது வரம்பே இல்லை, அதனால் அது எதையும் தடுக்கவில்லை. நாலாயிரத்துக்கு மேல் ஒன்றும் வராதவரை ஒரு தொல்லையும் இல்லை. செவ்வாய்க்கிழமை டெமோவில் யார்டுக்காரர்கள் கை தட்டியதாகச் சொன்னான். எனக்குத் தின்ன ஒரு கறிபாப் வாங்கி வந்து மேசையில் வைத்தான்.

எங்கள் சோதனைக் கூடத்தில் ஒரு அக்கா இருந்தார். பள்ளிக்கூடம் முடிந்த கையோடு உற்பத்தி வரிசையில் சேர்ந்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்து ஈயப்பற்று பார்த்து, பிறகு கம்பெனி நடத்திய வகுப்புகளில் படித்துச் சோதனைக் கூடத்துக்கு ஏறி வந்தவர். பட்டப்படிப்பு இல்லை. தினமும் காலையில் பட்டர்வொர்த்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் கடற்பாலம் தாண்டி எங்கள் தீவுக்கு வருவார். கூடத்தின் குளிருக்குச் சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றைக் கழற்றவே மாட்டார். ஒரு பெட்டி நான்காயிரம் தாங்கும் என்று நாம் சொன்னால், அவர் ஒன்பதாயிரம் அனுப்பிப் பார்ப்பார். கேட்டால், "சொன்னபடி அனுப்புறதுக்கு டெஸ்ட் எதுக்கு தம்பி? நீங்களே பாத்துக்கலாமே" என்பார்.

அப்படி அனுப்பித்தான் கண்டுபிடித்தார். சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, புதுப் பெட்டியில ஒண்ணு கவனிச்சேன். ஒம்பதாயிரம் அனுப்பினா மொதல்ல ஒண்ணும் ஆவலே. ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சுப் பாத்தா மூணாம் நம்பர் கேமரா படம் ஒண்ணாம் நம்பர் பேர்ல வருது. டிரைவர்ல ஏதும் மாத்தினியா?"

சோற்றைப் பிசைந்துகொண்டே, "பெருசா ஒண்ணும் இல்லக்கா. பாக்குறேன்" என்றேன்.

"பாத்துட்டுச் சொல்லு. நான் ஃபெயில்னு ரிப்போர்ட் எழுதியிருக்கேன்."

பார்ப்பதற்கு என்ன இருந்தது? அவர் சொல்லி முடிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பஃபரைத் தாண்டி எழுதி, பக்கத்திலிருந்த கேமராப் பட்டியலை அழித்திருக்கிறது. மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கஸ்டமர் ஒம்பதாயிரம் அனுப்பவே மாட்டான் மச்சான். அக்காவுக்குப் பொழுது போகலே. அவுங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

என்ன பேசினான் என்று எனக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து அக்கா தன் அறிக்கையைத் திரும்பப் பெற்று, நாலாயிரம் வரை மட்டும் சோதித்து, பாஸ் என்று புது அறிக்கை போட்டார். முதல் அறிக்கை எங்கள் கணினியிலிருந்து மறைந்துவிட்டது. நடைபாதையில் எதிரே வந்தபோது அவர், "பாத்தியா தம்பி?" என்று கேட்டார். "பாத்துக்கிட்டு இருக்கேங்கா" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

பெட்டிகள் யார்டுக்குப் போயின. மூன்று மாதம் ஒன்றும் இல்லை. நான்காவது மாதம் ஒரு காலையில் மேலாளர் என் மேசைக்கு ஓடி வந்தான். யார்டு வாசலில் லாரிகள் தவறான வரிசைக்குப் போகின்றன, முன்னால் போன லாரியின் எண் பின்னால் வருகிற லாரிக்கு விழுகிறது, போய்ப் பார் என்றான்.

ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய் இறங்கினேன். யார்டு வாசலில் ஒரு சிறிய கண்ணாடிக் கூண்டு. உள்ளே மேற்பார்வையாளர், அறுபதை நெருங்கும் ஓர் அண்ணன், தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்தார். வெளியே வெயிலில் சாலை முனைவரை லாரிகள்.

"நீங்கதான் பெட்டி கம்பெனி ஆளா? இங்க வந்து பாருங்க தம்பி. காலையிலேருந்து எல்லாரும் என்னைத்தான் திட்டுறாங்க. ஒருத்தன் எறங்கி வந்து சட்டையைப் பிடிச்சிட்டான். நான் என்ன, வேணும்னா அனுப்புறேன், தப்பான வரிசைக்கு?"

"எப்பலேருந்துண்ணே இப்படி?"

"ஒரு கேமரா பழுதாயி புதுசு மாத்துனாங்க. அதுலேருந்துதான்."

மடிக்கணினியை மாட்டிப் பார்த்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புதுக் கேமரா தொழிற்சாலையில் வைத்த அளவிலேயே இருந்தது: ஒன்பதாயிரம். யாரும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று யாரும் அவர்களிடம் சொல்லவும் இல்லை. வரம்பைச் சொல்லியிருக்க வேண்டிய நான்கு வரியை நான் எடுத்துவிட்டேனே.

கேமராவின் அளவைக் குறைத்தேன். வாசல் சரியானது. அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லாருப்பீங்க தம்பி. பசியாறிட்டுப் போங்க" என்றார். நின்று சாப்பிட எனக்குத் தெம்பில்லை. வெளியே வந்து மேலாளருக்குப் போன் செய்தேன்.

"நம்ம தப்புதான். அந்த வரம்பை எடுத்தோம்ல, அதுதான்."

அவன் தன் அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "டிரைவர்னு யாருகிட்டயும் சொல்லிடாதே. காரணம் ஆராய்ச்சியில இருக்குன்னு சொல்லு" என்றான்.

அடுத்த வாரம் கூட்டம். தலைமை அதிகாரி, தரக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவர், மேலாளர், நான், கடைசி நாற்காலியில் ஸ்வெட்டரோடு அக்கா. பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். பெட்டியில் பிழை எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. பிழை எப்படிச் சோதனையைத் தாண்டிப் போனது என்றுதான் முதல் கேள்வியே வந்தது. மேலாளர் பாஸ் அறிக்கையைத் திரையில் போட்டான். கீழே அக்காவின் கையெழுத்து. இவ்வளவு பெரிய அளவைச் சோதிக்கவே இல்லையே என்று தலைமை அதிகாரி கேட்டார். குரலை உயர்த்தவில்லை. மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

அக்கா எழுந்து நின்றார். யாரும் எழச் சொல்லவில்லை. தான் சோதித்ததாகவும், ஃபெயில் என்று எழுதியதாகவும், பிறகு திரும்பப் பெறச் சொன்னார்கள் என்றும் தன் ஆங்கிலத்தில் சொன்னார். யார் சொன்னார்கள் என்று கேட்டார்கள். மேலாளரைப் பார்த்தார். அவன், சோதனை வரம்பைப் பற்றிப் பொதுவாகப் பேசியது நினைவிருக்கிறது, ஃபெயில் அறிக்கை எதையும் தான் பார்க்கவில்லை என்றான். அப்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

"இவரிடமும் சொன்னேன்," என்றார். "கேன்டீனில். இவருக்குத் தெரியும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேலாளர் மட்டும் பார்க்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது, மகள் படித்துக்கொண்டிருந்தாள் என்றெல்லாம் இப்போது எழுதலாம். அந்த நிமிடத்தில் அதெதுவும் என் நினைவில் இல்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

"ஏதோ பேசினோம்," என்றேன். "எதைப் பற்றி என்று சரியாக நினைவில்லை."

அக்கா உட்கார்ந்துவிட்டார்.

அவரைச் சோதனைக் கூடத்திலிருந்து எடுத்து, கிடங்கில் வந்திறங்கும் அட்டைப்பெட்டிகளைச் சரிபார்க்கப் போட்டார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. இடமாற்றம். ஒரு மாதம் அங்கே இருந்துவிட்டு வேலையை விட்டார். கடைசி நாள் யாரும் கேக் வெட்டவில்லை. இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கூரைக்குக் கீழ் இருந்தவர், ஒரு பிளாஸ்டிக் பையில் கோப்பையும் ஸ்வெட்டரும் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறியதை நான் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கிப் போகவில்லை.

எனக்கு ஆறு வாரம் கிடைத்தது. நான் முதலில் கேட்ட அதே ஆறு வாரம். நான்கு வரிகளைத் திரும்ப எழுதினேன், பொட்டலத்தைத் துண்டு துண்டாக வாங்கும் முறையையும் எழுதி முடித்தேன். நெருக்கடியில் பிழையைக் கண்டுபிடித்துத் தீர்த்ததற்காக எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்து, போட்டோ எடுத்து அறிவிப்புப் பலகையில் மாட்டினார்கள். மேலாளருக்குப் பதவி உயர்ந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவனோடு சாப்பிடப் போவதை நிறுத்தினேன். என் வீரம் அவ்வளவுதான்.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில் பட்டர்வொர்த் போனேன். அக்கா அங்கே ஒரு பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்கிறார் என்று கிடங்கில் ஒருவர் சொல்லியிருந்தார். விடுமுறை நாள், பள்ளியில் பிள்ளைகள் இல்லை. அவர் பெரிய சட்டி ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என்ன தம்பி இவ்ளோ தூரம்?"

"மன்னிப்புக் கேக்க வந்தேங்கா."

"கேட்டுட்டே. சரி." கை துடைத்த துணியை மடித்து வைத்தார். "சும்மா வாயால கேட்டுட்டுப் போயிடுவியா? நான் ரிப்போர்ட் எழுதிக் குடுத்தேன்ல. நீயும் எழுதிக் குடு."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஜூருவில் வேறொரு தொழிற்சாலையின் சோதனைக் கூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே விண்ணப்பிக்கப் போகிறார், பழைய இடத்தில் ஏன் கிடங்குக்குப் போனீர்கள் என்று கேட்பார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். அடுத்த சனிக்கிழமை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அறிக்கை படிப்பதுபோல் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். பாதியில் விரல் நின்றது.

"தவறு நேர்ந்துவிட்டதுன்னு போட்டிருக்கே."

"ஆமாங்கா."

"யாரு செஞ்சதுன்னு இல்லையே."

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். வரம்பு நீக்கப்பட்டது. அறிக்கை கவனிக்கப்படவில்லை. தவறு நேர்ந்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்க ஓர் ஆளைக்கூடக் காணவில்லை. திட்டமிட்டு அப்படி எழுதவில்லை, சத்தியமாக. என் கை அப்படிப் பழகிப்போயிருந்தது.

அவர் கல்லாவிலிருந்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வந்து முன்னால் வைத்தார். அங்கேயே, எண்ணெய்ப் பிசுக்கு மேசையில், கையால் எழுதினேன். வரம்பை நான் நீக்கினேன். அவர் கண்டுபிடித்து என்னிடம் சொன்னார். எனக்குத் தெரிந்திருந்தும் கூட்டத்தில் நினைவில்லை என்று பொய் சொன்னேன். எழுத எழுத ஆங்கிலம் மோசமாகிக்கொண்டே போனது. அவர் மறுபடி விரல் வைத்துப் படித்துவிட்டு, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. பால் இல்லாத தேநீர், ஒரு தே ஓ, கொண்டுவந்து வைத்துவிட்டு, சட்டி கழுவப் போய்விட்டார்.

அந்தக் கடிதம் எப்போது எங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும், எப்போது கூப்பிட்டு விசாரிப்பார்கள் என்று மூன்று வாரம் மேசைத் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பொறுக்க முடியாமல் நானே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"வேலை கெடைக்கலே தம்பி. சின்ன வயசு ஆளா பாக்குறாங்களாம்."

"கடிதத்தைப் படிச்சாங்களா?"

"எங்க படிச்சாங்க? நான் நீட்டுனேன். ஃபைல்ல வையுங்கன்னு பக்கத்துல இருந்த பொண்ணுகிட்ட குடுத்தாங்க." பின்னால் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. இடைவேளை மணி அடித்திருக்க வேண்டும். "சரி தம்பி, கூட்டம் வந்துடுச்சு, வைக்கிறேன்" என்றார்.

கம்பெனி என்னை ஒன்றும் செய்யவில்லை. நானும் கம்பெனியை ஒன்றும் செய்யவில்லை. இன்னும் அதே மாடியில், அதே ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறேன். சோதனைக் கூடத்தில் இப்போது பட்டதாரிகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நாலாயிரம் என்று சொன்னால் நாலாயிரம் அனுப்பிப் பார்த்து, அன்றைக்கே பாஸ் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.